அடம்பிடிக்கும் குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றரை வயதிலிருந்து நான்கு, நான்கரை வயதுவரை உள்ள பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டு அழுவார்கள், கையில் கிடைத்ததை வீசுவார்கள், அடிப்பார்கள், கடிப்பார்கள். இதைப் பற்றி அப்பா அம்மாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. உளவியல் கண்டறிந்ததையும் நம் வீடுகளில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றரை வயதுவரை சமர்த்தாக இருந்தான். திடீரென்று ஏன் இப்படி ஆகிவிட்டான்?

அந்த வயதில்தான் 'நான் ஒரு தனி ஆள்' என்பது குழந்தைக்குத் தெரியவருகிறது. 1972-இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற ஆய்வாளர், குழந்தைகளின் மூக்கில் அவர்களுக்குத் தெரியாமல் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன்னால் விட்டுப் பார்த்தார். ஒரு வயதுப் பிள்ளைகள் கண்ணாடிக்குள் இருப்பது வேறு பாப்பா என்று நினைத்து அதோடு விளையாடின. இரண்டு வயதை நெருங்கியவர்களில் பெரும்பாலானோர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தங்கள் மூக்கைத் தொட்டார்கள். 'நான்' வந்துவிட்டால் 'என்னோடது', 'நானே', 'மாட்டேன்' எல்லாம் பின்னாலேயே வரும். உங்கள் வீட்டில் கேட்கும் 'மாட்டேன்' அப்படி வந்ததுதான்.

ஆசை வளர்ந்த வேகத்துக்கு மற்றவை வளரவில்லை என்பதுதான் சிக்கல். இரண்டு வயதில் பிள்ளை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவே இப்போதுதான் பழகுகிறான். மனதில் இருப்பதைச் சொல்ல அது போதாது. அவசரத்தை அடக்குவது, காத்திருப்பது, நினைத்தது நடக்காதபோது வேறு வழிக்கு மாறுவது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடும்.

ராத்திரி ஏழரை மணி. தட்டில் தோசை விழுகிறது. அம்மா வழக்கம்போல அதைப் பிய்த்துச் சர்க்கரை தொட்டு வைக்கிறாள். உடனே அலறல்: "முழுசா வேணும்!" வேறு தோசை ஊற்றிப் போட்டாலும் ஏற்க மாட்டான். *அந்த*த் தோசைதான் முழுசாக வேண்டும். நமக்கு இது வெறும் பிடிவாதம். அவன் மனதிலோ வட்டமாக ஒரு தோசை இருந்தது, அதைத் தானே பிய்க்கப்போகிற சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒரே நொடியில் போய்விட்டன. பிய்ந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. அது நடிப்பு அழுகை இல்லை, நிஜமான துக்கம். இதை நம்பினால்தான் அடுத்து வரும் பதில்கள் பயன்படும்.

எந்த வயதில் தொடங்கும், எப்போது ஓயும்?

பெரும்பாலும் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் தொடங்கும். இரண்டிலும் மூன்றிலும் உச்சம். பேச்சு நன்றாக வர வரக் குறைந்து, ஐந்து வயதுக்குள் எப்போதாவது ஒருமுறை என்று ஆகிவிடும்.

நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்ததால்தான் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

இல்லை. அடம் எல்லா ஊர்ப் பிள்ளைகளிடமும், எல்லா விதமான வீடுகளிலும் உண்டு. எவ்வளவு, எந்த அளவுக்கு என்பதில் பிறவிக் குணத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் ஒரு ஆய்வைத் தொடங்கி, குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பிள்ளைகள் எதற்கும் சுலபமாகப் பழகினார்கள். 15 சதவீதம் பேர் தயங்கித் தயங்கிப் பழகினார்கள். 10 சதவீதம் பேர் பிறந்ததிலிருந்தே எல்லாவற்றையும் பலமாக உணர்ந்தார்கள்: பசியென்றாலும் பலம், அழுகையென்றாலும் பலம். மீதிப் பேர் கலவை. ஒரே வீட்டில் ஒரே அம்மா வளர்த்த மூத்தவன் சாதுவாகவும் இளையவள் சூறாவளியாகவும் இருப்பதை நாமே பார்த்திருக்கிறோமே.

அந்த ஆய்வின் முக்கியமான முடிவு வேறு. பிள்ளையின் குணம் எப்படிப்பட்டது என்பதைவிட, அந்தக் குணத்துக்கு வீடு எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதுதான் பின்னாளில் அவன் எப்படி இருப்பான் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. பலமாக உணரும் பிள்ளை கிடைத்திருந்தால் உங்களுக்கு வேலை அதிகம். அதற்காக நீங்கள் மோசமான தாய் ஆகிவிட மாட்டீர்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பது எப்போதும் அம்மாதான். அப்பாவிடம் யாரும் 'உன் வளர்ப்புதான்' என்று சொல்வதில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாயங்காலம் ஆனாலே ரகளைதான். அந்த நேரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பசியும் தூக்கமும் அலுப்பும் ஒன்றுசேரும் நேரம் அது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஃபுளோரன்ஸ் குட்இனஃப் என்ற உளவியலாளர் தாய்மார்களைத் தினமும் குறிப்பெழுதச் சொல்லி, பிள்ளைகளின் கோபத்தை ஆராய்ந்து 1931-இல் முடிவுகளை வெளியிட்டார். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னாலும், சரியாகத் தூங்காத நாட்களிலும், சளி, மலச்சிக்கல் மாதிரி சின்ன உடல்நலக் குறைவின்போதும் கோபம் கூடியிருந்தது. வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்த நாட்களிலும் அப்படித்தான். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகியும் இது அப்படியே பொருந்துகிறது.

நீங்களும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், எப்போது தூங்கினான், எப்படி முடிந்தது. இவ்வளவு போதும். காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினாலும் சரி. பாதி அடத்துக்குக் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தூக்கக் கணக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். அப்பா வேலையிலிருந்து வரும்வரை விழித்திருந்து, சீரியல் முடிந்து பதினொரு மணிக்குப் படுத்து, காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கு எழும் மூன்று வயதுப் பிள்ளைக்கு, பகலில் தூங்காவிட்டால், தினமும் இரண்டு மணி நேரம் கடன் விழுகிறது. அந்தக் கடன்தான் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் கூடத்தில் உருண்டு அழுகிறது. ஐந்து மணிக்கே ஒரு வாழைப்பழமோ சுண்டலோ கொடுத்துப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே பெரிய வித்தியாசம் செய்கிறது.

தரையில் விழுந்து கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் என்னதான் செய்வது?

முதலில் அதன் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 335 குழந்தைகளின் பெற்றோர், பிள்ளையின் அடத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை எழுதிக் கொடுத்தார்கள். முக்கால்வாசி அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்குள் இரண்டு உணர்ச்சிகள் ஓடுகின்றன. கத்துவது, உதைப்பது, வீசுவது எல்லாம் கோபம். அது சீக்கிரமே உச்சத்துக்குப் போய்ச் சரிகிறது. விசும்பல், தேம்பல், மடியைத் தேடுவது எல்லாம் துக்கம். அது கடைசிவரை நீடிக்கிறது.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது எந்தப் பேச்சும் காதில் ஏறாது. "ஏன் இப்படிப் பண்ற? நேத்துதானே சொன்னேன்? அக்கா இப்படியா இருந்தா?" என்று கேட்கக் கேட்கக் கோபம் நீளும். எனவே பேச்சைக் குறையுங்கள். பக்கத்தில் கூர்மையான மேசை முனை, சூடான பாத்திரம் இருந்தால் நகர்த்துங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்க்காமல் கீழே உட்காருங்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும்: "தோசை பிஞ்சிடுச்சுன்னு கோவமா இருக்கு. அம்மா இங்கதான் இருக்கேன்." அதற்குமேல் வேண்டாம். அடிக்கக் கை ஓங்கினால் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள். சத்தம் போட்டு அல்ல, சாதாரணக் குரலில்.

அந்த ஓரிரு நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். பொறுங்கள். அலறலின் சுருதி இறங்கித் தேம்பலாக மாறும் இடம் ஒன்று வரும். கை தானாக உங்களை நோக்கி நீளும், அல்லது ஓரக்கண்ணால் உங்களைப் பார்ப்பான். அப்போது தூக்கிக்கொள்ளுங்கள். முகத்தைத் துடைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். அடத்துக்குக் காரணமான பொருளை மட்டும் இப்போதும் கொடுக்க வேண்டாம். 'முடியாது' என்று சொன்னது சொன்னதுதான், ஆனால் நான் உன்னை விட்டுப் போகவில்லை: இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்தே அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். நம்மில் பலர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். கண்டிப்பானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்கள், இளகிய மனதுள்ளவர்கள் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் வழி கடினம்தான், வேலை செய்வது அதுதான்.

அப்புறம், முடிந்ததும் அதை விட்டுவிடுங்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் எதிரிலேயே "இன்னைக்கு என்ன பண்ணான் தெரியுமா" என்று தொடங்க வேண்டாம்.

சில நேரம் மட்டும்தான் கேட்டதை வாங்கிக் கொடுக்கிறோம். அது தப்பா?

'சில நேரம்' என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது தீனி கிடைத்த புறா நெடுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் மறுத்துவிட்டுப் பதினோராவது நிமிடத்தில் கிண்டர் ஜாயை வாங்கிக் கையில் கொடுத்தால், பதினோரு நிமிடம் அழ வேண்டும் என்பது பாடமாகிவிடும். இது பிள்ளையின் தந்திரம் இல்லை. எந்த உயிரும் கற்றுக்கொள்ளும் விதம் இது.

அதனால் வாங்கிக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அழுகை வருவதற்கு முன்னாலேயே 'சரி' என்று சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் கடைசிவரை முடியாது. இதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு நாம் சொல்லும் 'வேண்டாம்'களைக் குறைக்க வேண்டும். சட்டையைப் பின்பக்கம் முன்னால் போட்டுக்கொண்டு வரட்டும், அதனால் என்ன? அடுப்பு, சாலை, மருந்து, மற்றவரை அடிப்பது, இந்த மாதிரி விஷயங்களுக்கு உங்கள் 'வேண்டாம்'களைச் சேர்த்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இத்தனை நாள் கிடைத்துக்கொண்டிருந்தது நின்றால் முதல் சில நாள் அடம் முன்பைவிட அதிகமாகும். 'இந்த வழி சரிவரவில்லை' என்று பெரும்பாலானவர்கள் கைவிடுவது அந்த இடத்தில்தான். அது வழி தப்பியதற்கான அடையாளம் அல்ல, பழைய வழி இன்னும் பலிக்குமா என்று பிள்ளை கடைசியாகச் சோதித்துப் பார்க்கிறான்.

"நாளைக்கு வாங்கித் தர்றேன்" என்று சமாளிக்கலாமா?

நாளைக்கு வாங்கித் தருவீர்களானால் சொல்லலாம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் மூன்று முதல் ஐந்து வயதுவரையான 28 பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருவதாகச் சொன்னவர், பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து "இல்லையே" என்றார். அப்புறம் எல்லோர் முன்னாலும் ஒரு மிட்டாயை வைத்து, "தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம் காத்திருந்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடம்.

பொறுமை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி பிள்ளையிடம் இருக்கிறது. இன்னொரு பகுதி நம் வார்த்தை எவ்வளவு நம்பகமானது என்பதில் இருக்கிறது. நாளைக்கு என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்போது என்றே தெரியாது. "தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டதுக்கு அப்புறம்" என்று சொன்னால் புரியும்.

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். மானம் போகிறது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மண்டபத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மேளச் சத்தம், ஜரிகை குத்தும் பட்டுச் சட்டை, தெரியாத நாற்பது பேர் கன்னத்தைக் கிள்ளுவது, சாப்பாட்டுப் பந்திக்காக மூன்று மணிவரை காத்திருப்பது, எல்லாம் சேர்ந்தால் பெரியவர்களுக்கே தலைவலி வருகிறது. பார்க்கிறவர்களுக்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். அவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகள் இதே வயதில் செய்ததை நினைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள்.

போனைக் கொடுத்தால் நொடியில் அடங்கிவிடுகிறதே?

அடங்கும். ஆனால் அழுகை எப்படி ஓய்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில மாதம் தொடர்ந்து பார்த்து 2022 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், அழுகையை நிறுத்த அடிக்கடி போன் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம், முக்கியமாக ஆண் பிள்ளைகளிடம், உணர்ச்சிக் கொந்தளிப்பு பின்னாட்களில் கூடியிருந்தது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. ஊரிலிருக்கும் ஆச்சியோடு வீடியோவில் பேசுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தனியாக இருக்கும் அம்மா சமையலை முடிக்க இருபது நிமிடம் கார்ட்டூன் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அழுகைக்கு மருந்தாகப் போனைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுங்கள், அழும்போது கொடுக்காதீர்கள்.

ஒரு அடி வைத்தால் என்ன? நாங்கள் எல்லாம் அடி வாங்கி வளரவில்லையா?

எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, ஏறக்குறைய 1,60,000 குழந்தைகள் பற்றிய தகவல்களை 2016-இல் அலசினார்கள். எலும்பு முறியும் அளவு அடியைப் பற்றி அல்ல, கையால் பின்புறத்தில் வைக்கும் சாதாரண அடியைப் பற்றித்தான் அந்த அலசல். அடி கூடக் கூடப் பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்பது கூடவில்லை. முரட்டுத்தனம், மனநலச் சிக்கல், பெற்றோரோடு விலகல் இவைதான் கூடியிருந்தன. முரட்டுப் பிள்ளை என்பதால் அடி அதிகம் வாங்கியிருப்பானோ என்ற கேள்வி நியாயமானது. பிள்ளையின் ஆரம்ப நடத்தையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும், அடிக்குப் பிறகு நடத்தை மோசமாவதே தெரிகிறது.

உண்மையில் அந்த நொடியில் அடி வேலை செய்கிறது. அழுகை அடங்கும். பயத்தில் அடங்குகிறது, அவ்வளவுதான். "தம்பியை அடிக்காதே" என்று சொல்லி நாம் ஒரு அடி வைக்கும்போது, பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்பதைத்தான் கண்ணெதிரே காட்டுகிறோம்.

அடி வாங்கி வளர்ந்து நன்றாக இருப்பவர்கள் நிறைய. அவர்களோடு பேசிப் பாருங்கள். அடிக்கு அப்புறம் மடியில் போட்டுக்கொண்ட பாட்டி, சேர்ந்து விளையாடத் தெருவில் பத்துப் பிள்ளைகள், ஓடி ஒளிய அத்தை வீடு என்று ஏதோ ஒன்று இருந்திருக்கும். அவைதான் அவர்களைக் காப்பாற்றின. இன்று இரண்டு அறை வீட்டில் மூன்று பேராக வாழும் பிள்ளைக்கு ஓடிப்போக வேறு மடி கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. ஸ்வீடன் வீட்டில் அடிப்பதையும் 1979-இலேயே தடை செய்தது. நேபாளம் 2018-இல் செய்தது.

"பூச்சாண்டி வருவான்", "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்" என்று சொல்லலாமா?

வேண்டாம். மூன்று வயதில் கதைக்கும் நிஜத்துக்கும் உள்ள கோடு மெல்லியது. பகலில் நீங்கள் சொன்ன பூச்சாண்டி ராத்திரி கட்டிலுக்கடியில் இருப்பான். "ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று சொல்லி வளர்த்தால் தடுப்பூசி நாளில் நீங்களே அவதிப்படுவீர்கள். தொலைந்துபோன பிள்ளை உதவி கேட்க வேண்டிய ஆள் போலீஸ்காரர். அவரைக் கண்டு அவன் ஒளிந்துகொள்ளக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, "உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்று சொல்லி நான்கு அடி நடந்து காட்டுவது. பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான், அது வெற்றி மாதிரி தெரியும். தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஜான் பௌல்பி, விட்டுப்போவதாக மிரட்டுவதைக் குழந்தையின் நிம்மதியைக் குலைக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். அப்படி மிரட்டப்பட்ட பிள்ளை அடுத்த நாள் பள்ளி வாசலில் உங்கள் புடவையை விடாமல் பிடித்துக்கொண்டால், 'விட்டுட்டுப் போயிடுவேன்' என்று நீங்கள் சொன்னதை அவன் நம்பியிருக்கிறான் என்று அர்த்தம்.

நாங்கள் மறுத்தால் தாத்தா கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

தாத்தாவிடம் ஒரு மாதிரி, அம்மாவிடம் ஒரு மாதிரி என்று பிரித்துப் புரிந்துகொள்ளப் பிள்ளைக்குத் தெரியும். அது பெரிய கெடுதல் இல்லை. சாயங்காலம் தாத்தாவோடு நடந்துபோய் ஒரு கடலைமிட்டாய் வாங்கித் தின்பது அவனுக்கும் அவருக்கும் உள்ள உறவு. அதில் கை வைக்காதீர்கள். கெடுதல் எங்கே என்றால், நீங்கள் 'இல்லை' என்று சொல்லி அவன் அழுதுகொண்டிருக்கும் அதே நிமிடத்தில் அவர் 'வாடா ராஜா' என்று தூக்கிப்போவதில்தான். அதைப் பிள்ளை எதிரில் பேசாமல், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது தனியாகச் சொல்லுங்கள்: "மாமா, நீங்க வாங்கித் தர்றதுல ஒண்ணும் இல்ல. அவன் அழும்போது மட்டும் வேணாம், அழுகை நின்னதுக்கு அப்புறம் கூட்டிட்டுப் போங்க." முடிந்தால் இதை அவருடைய மகனோ மகளோ சொல்வது நல்லது, மருமகள் சொல்வதைவிட எடுபடும்.

அழுது அழுது மூச்சை அடக்கி, உதடெல்லாம் நீலமாகிவிடுகிறது. பயமாக இருக்கிறது.

பார்க்கவே நடுக்கம் தரும் காட்சி. பிள்ளை வேண்டுமென்று மூச்சை அடக்குவதில்லை. அழுகையின் உச்சியில் மூச்சு வெளியே போனபடியே நின்றுவிடுகிறது. நிறம் மாறும், சில பிள்ளைகள் துவண்டு சில நொடி நினைவிழப்பார்கள், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக மூச்சு திரும்பும். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுவரை வரலாம். வளர வளர நின்றுவிடும். அந்த நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்குவது, வாயில் விரலோ கரண்டியோ விடுவது, முகத்தில் தண்ணீரை அடிப்பது எதுவும் வேண்டாம். ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சோ நினைவோ திரும்பாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

முதல்முறை வந்ததும் குழந்தை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். வலிப்போ இதயக் கோளாறோ இல்லை என்று அவர்தான் உறுதிசெய்ய வேண்டும். அப்போதே ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, குறை இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் இரும்பு மருந்து கொடுத்ததும் பலருக்கு இது குறைகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 57 சதவீதம். சோறு சாப்பிட மாட்டேன் என்கிறான், பாலாவது குடிக்கட்டும் என்று நாளைக்கு ஒரு லிட்டர் பசும்பால் கொடுக்கும் வீடுகளில் இந்தக் குறை அதிகம் வரும். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் நிரப்பிவிடும். அரை லிட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூச்சடக்கிவிடுவானோ என்று பயந்து கேட்டதையெல்லாம் கொடுக்கத் தொடங்கினால், அடமும் சேர்ந்து வளரும்.

பள்ளியில் டீச்சர் "தங்கமான பிள்ளை" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் ரகளை. ஏன்?

நான்கு மணி நேரம் வரிசையில் நின்று, வாயில் விரல் வைத்து, அடக்கியது எல்லாவற்றையும் உங்களிடம் வந்து இறக்கி வைக்கிறான். பயமில்லாமல் அழ ஓர் இடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவுடன் "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்காமல் அரைமணி நேரம் விட்டுவிடுங்கள்.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று கேட்கிறார்கள்.

அழலாம்.

எனக்கே பொறுமை போய்க் கத்திவிடுகிறேன், சில நேரம் அடித்தும் விடுகிறேன். அவன் மனம் கெட்டுப்போயிருக்குமா?

ஒருநாள் கத்தியதால் கெட்டுப்போகாது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் அம்மாவும் கைக்குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதை நொடி நொடியாகப் படமெடுத்துப் பார்த்தார். நன்றாக இருக்கும் ஜோடிகளில்கூட இருவரும் ஒத்துப்போனது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் தவறுவதும் திரும்பச் சேர்வதுமாகவே போனது. அந்தத் திரும்பச் சேர்வதில்தான் 'சண்டை வந்தாலும் உறவு போகாது' என்று குழந்தை கற்றுக்கொள்கிறது.

எனவே இருவரும் அமைதியான பிறகு, அவன் உயரத்துக்குக் குனிந்து சொல்லுங்கள்: "அம்மா கோவத்துல கத்திட்டேன். பயந்துட்டியா? அது அம்மா தப்பு." 'நீ அப்படிப் பண்ணதாலதான்' என்று பின்னால் ஒட்ட வேண்டாம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் சீக்கிரம் 'சாரி' சொல்லப் பழகுகிறார்கள்.

தினமும் கத்துகிறீர்கள் என்றால் பிள்ளையை விட்டுவிட்டு உங்களைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? கடைசியாக எப்போது தனியாக உட்கார்ந்து ஒரு காபி குடித்தீர்கள்? அலுவலகம், சமையல், பிள்ளை, மாமனார் மருந்து எல்லாம் ஒருத்தி தலையில் இருந்தால், எந்த உளவியல் அறிவுரையும் ராத்திரி எட்டு மணிக்கு நினைவுக்கு வராது. அப்பா தினமும் ஒரு மணி நேரம், உதவியாளராக இல்லாமல் பொறுப்பாளராகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இந்த வீடுகளுக்கு நான் சொல்லும் முதல் சிகிச்சை. காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை, பிள்ளையைப் பார்த்தாலே வெறுப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இலவசமாகத் தமிழிலேயே கிடைக்கும், எந்த நேரமும் அழைக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? எங்கே?

ஒவ்வொரு அடமும் இருபத்தைந்து நிமிடம், அரைமணி என்று நீள்கிறது, பல நாட்களில் ஒரு நாளைக்கு ஐந்து முறைக்குமேல் வருகிறது, தன்னைத் தானே கடித்தும் தலையை முட்டியும் காயப்படுத்திக்கொள்கிறான், பெரும்பாலும் மற்றவரைத் தாக்குவதில் போய் முடிகிறது, யாராவது தேற்றாமல் ஒருமுறைகூடத் தானாக அடங்குவதில்லை, ஐந்து வயது தாண்டியும் குறையவில்லை: இவற்றில் ஏதாவது இருந்தால் காட்டுவது நல்லது. இவற்றைவிட அவசரமானவை வேறு சில. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். இவற்றோடு அடமும் இருந்தால் "ஆம்பளப் பிள்ளைக்கு லேட்டாத்தான் பேச்சு வரும்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பிறகு வளர்ச்சிப் பரிசோதனை.

பக்கத்துக் குழந்தை மருத்துவரிடம் தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பேச்சு, செவித்திறன், வளர்ச்சிப் பரிசோதனை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. போகும்போது நீங்கள் ஒரு வாரம் எழுதிய அந்தத் தாளையும், வீட்டில் அடம் நடக்கும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னால் பிள்ளை அமைதியாக உட்கார்ந்துவிட்டால், வீட்டில் என்ன நடக்கிறது என்பதை வேறு எப்படியும் அவருக்குக் காட்ட முடியாது.